வலது சீட்டு பெல்ட்

என் தம்பி ஆரின் மாட்டுக்கொட்டகையில் விமானம் கட்டத் தொடங்கியபோது ஊரில் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் குளிர்காலம் அரை வருஷத்தைத் தின்றுவிடும். அதைத் தள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. சிலர் குடிப்பார்கள். சிலர் ஏரிப் பனியில் ஓட்டை போட்டு, மீன் வருமென்று கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் கொட்டகையில் விமானம் கட்டுவார்கள். ஆரின் மூன்றையும் செய்து பார்த்துவிட்டு மூன்றாவதில் நின்றுவிட்டான்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். இறக்கை, உடம்பு, வால் எல்லாம் அவனே அறுத்து, ஒட்டி, துணி போர்த்திச் செய்தது. இன்ஜின்தான் பாக்கி. விமானத்துக்கென்றே செய்த இன்ஜின் வேண்டுமென்றால் நிலத்தில் பாதியை விற்க வேண்டும். கையில் காசில்லாமல் பறக்கிற ஆசை மட்டும் இருக்கிறவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவனும் செய்தான். கார் இன்ஜினைத் தேடிப் போனான்.

ப்ளம் க்ரீக் புல் ஓடுதளத்தில் சனிக்கிழமை காலை விமானம் கட்டுகிறவர்கள் எல்லாம் கூடி பேன்கேக் சுட்டுத் தின்பார்கள். அங்கே அவனைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள்.

"ஆரின், ஹாரன் வெப்பியா?"

"வாத்துக் கூட்டம் குறுக்க வந்தா வேணுமில்ல."

"மேல நின்னுபோச்சுன்னா இழுத்துட்டு வர எவன்டா டோ டிரக் அனுப்புவான்?"

"உன் மாமியாரை அனுப்பு. எதை வேணாலும் இழுக்கிறவங்க அவங்கதான்."

நான் மார்லிஸ். அவனுக்கு மூத்தவள். பால் கறக்கும் இயந்திரங்களுக்கு ஒயர் இழுத்தே தலை நரைத்தவள். பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கொட்டகையில் ஏதோ நடமாடுகிறது, விளக்கு தானாக எரிகிறது என்று எத்தனையோ பண்ணைகளில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் எலி கடித்த ஒயர்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு என்னை யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய கார்களை உடைக்கும் யார்டில் ஆரினுக்கு ஒரு ஜப்பான் கார் கிடைத்தது. குறுக்கே வந்த மானுக்காகத் திருப்பி, சாலையோரப் பள்ளத்தில் உருண்ட கார். கூரை நசுங்கிப் போயிருந்தது, முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. நாலு சிலிண்டரும் படுத்தவாக்கில் இருக்கும் இன்ஜின். தட்டையானது, கனம் குறைவு, விமான மூக்கில் அழகாக உட்காரும். ஆரின் இன்ஜினை மட்டும் வாங்கவில்லை. அதன் கம்ப்யூட்டர், ஒயர்க் கொத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்னப் பெட்டிகள், டிரைவர் சீட்டு பெல்ட் வரை ஒரு குப்பையும் விடாமல் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"இதெல்லாம் எதுக்குடா? பெட்ரோலு, பொறி, ரெண்டு இருந்தா ஓடப்போகுது. மிச்சத்த வெட்டித் தள்ளு" என்றேன்.

"மார்லிஸ், அந்தக் கம்பெனிக்காரன் இத லட்சக்கணக்கான மைலு ஓட்டிப் பாத்திருக்கான். நாம ஒரு ஒயர மாத்தினா ஒரு புது வியாதி. அவன் செஞ்சதத் தொடாத."

இந்தக் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. கார்க்காரன் வைத்ததைத் தொடாதே என்பது ஒரு கட்சி. கார்க்காரன் வைத்ததில் தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழற்று என்பது இன்னொரு கட்சி. ஆரின் முதல் கட்சி. நான் இரண்டாவது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தும் என்ன பிரயோசனம்?

பல்சக்கரப் பெட்டி வைத்து, புரொப்பெல்லர் மாட்டி, வாலை டிராக்டரில் கட்டி, முதல் தடவை ஸ்டார்ட் செய்தான். பிடித்தது. ஒரு மூச்சு ஓடியது. நின்றது. மறுபடி பிடித்தது, நின்றது. பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகப்பட்டான், ஃபில்டரைச் சந்தேகப்பட்டான், என்னையும் சந்தேகப்பட்டான். வசந்தம் வந்து பனி உருகி முற்றம் சேறாகும்வரை அதனோடு மல்லுக்கட்டினான். கடைசியில் ஒயர்க் கொத்தில் தொங்கிய ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதை நான்தான் பார்த்தேன். விளக்கில் சாவிப் படம் போட்டிருந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் திருடனுக்காக ஒரு ஏற்பாடு. சாவியின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும். அந்தக் காரின் சொந்தச் சாவி பக்கத்தில் இல்லையென்றால் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓடவிடாது. எங்கள் கம்ப்யூட்டர் தன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. யார்டில் கேட்டால், காரோடு சாவி வரவில்லை என்றார்கள். காருக்குச் சொந்தக்காரர் விலாசத்தை மட்டும் கொடுத்தார்கள். லோர்னா செவர்சன், பக்கத்து மாவட்டம்.

நாங்கள் இருவருமே போனோம். என்னைப்போல ஐம்பதைத் தாண்டிய பெண். காபி ஊற்றினாள், ரூபார்ப் கேக் வைத்தாள். ஆரின் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். விமானம், இன்ஜின், சாவி என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்து போய், பின்வாசல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"இது ஸ்பேர் சாவி. அவ எடுத்துட்டுப் போன சாவி வரவே இல்ல" என்றாள்.

"யாரு?" என்றான் என் தம்பி. அவனுக்கு எதையும் யோசித்துக் கேட்கும் வழக்கம் கிடையாது.

"என் பொண்ணு. ப்ரிட்டா. அந்த வண்டியிலதான் போனா."

யார்டுக்காரன் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நசுங்கின கூரையை இரண்டு பேரும் கண்ணால் பார்த்திருந்தோம், ஆனாலும் கேட்கவில்லை. சாவியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று எனக்கு இருந்தது. லோர்னா சாவியை ஆரின் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்குங்க. ஒண்ணு மட்டும் செய்யணும். அது ஓடறப்ப எனக்குச் சொல்லுங்க. நான் வந்து கேக்கறேன். அது வீட்டுக்கு வர்ற சத்தம் எனக்குத் தெரியும்."

அவள் வந்தாள். பச்சைக் கோட்டோடு கொட்டகை வாசலில் நின்றாள். சாவியை டாஷ்போர்டில் வைத்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது, இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு ஓடியது. ஆரின் குதித்தான். லோர்னா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

"அது என்னடா?"

"பெல்ட்டு மணி. பெல்ட்டு போடலன்னு கார் சொல்லுது." ஆரினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, எவ்வளவு பொறுப்பு!"

காரில் அந்த மணி கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அலுத்து ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. பெல்ட் ஒயர் எங்கும் சேராமல் தொங்குவதால் அடிக்கிறது என்று நான் சொன்னேன். ஒயரை எர்த்தோடு சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் ஆரினுக்கு வேறு யோசனை. வலது சீட்டுக்கு இன்னும் பெல்ட் வாங்கவில்லை. நாற்பது மணி நேரம் தனியாகப் பறந்து காட்டிய பிறகுதான் பக்கத்தில் ஆள் ஏற்றலாம் என்பது சட்டம். அதுவரைக்கும் இந்தக் கார் பெல்ட்டையே அங்கே மாட்டிவைப்போம், அதன் ஒயரை அதிலேயே சேர்ப்போம், பூட்டிவைத்தால் மணி அடிக்காது, ஒயர் கம்பெனிக்காரன் வைத்தபடியே இருக்கும் என்றான்.

சரியென்று பெல்ட்டை எடுத்து முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தேன். விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட் என்றால் அச்சு விழுந்திருக்கும், தையல் பிரிந்திருக்கும். அதை மறுபடி உபயோகிக்கக் கூடாது. இதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அட, புத்தம் புதுசா இருக்கே! இழுபட்டதே இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன வாயை மூடுவதற்குள் லோர்னா பின்னால் நிற்பது ஞாபகம் வந்தது.

"ஆமா" என்றாள். "அவ போட்டதே இல்ல."

ஆரின் இன்ஜினை அணைத்தான்.

"தெனமும் கத்துவேன்" என்றாள் லோர்னா. "அவ வாசல்ல கால் வெக்கறப்பவே, பெல்ட்டைப் போடு ப்ரிட்டான்னு. 'சரிம்மா, சரிம்மா'ன்னுட்டு என் கண்ணு முன்னாடி போடுவா. தெருமுனை வரைக்குமாவது போட்டிருப்பா. அன்னிக்குக் காலையில சண்டை. சர்ச் விருந்துக்கு நான் பலகாரம் வெச்சுக் குடுத்த கண்ணாடித் தட்டைக் கொண்டுபோய் யார் வீட்டுலயோ விட்டுட்டு வந்துட்டா. ஒரு தட்டு. அந்தக் கோவத்துல நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அன்னிக்கு மட்டும் வாயத் தொறக்கல."

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. நான் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, அந்த பெல்ட்டையே பார்த்தபடி குடித்தாள்.

அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். ஜூன் மாதத்தில் ஒரு காலை, புல்லில் பனித்துளி காய்ந்த பிறகு, ஆரின் ப்ளம் க்ரீக் ஓடுதளத்திலிருந்து முதல் தடவையாக மேலே போனான். அன்றைக்கு லோர்னா செய்ததை அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் செய்தாள். வலது பக்கக் கதவைத் திறந்து, காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து, கிளிக் என்று பூட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் தள்ளிப்போய் நிற்பாள். அவன் போய்விட்டு வரும்வரை வானத்தைப் பார்க்கமாட்டாள், காதைத்தான் தீட்டிக்கொண்டிருப்பாள். தூரத்தில் சத்தம் திரும்பி வரும்போது அவள் தோள் இறங்கும். அதற்காகத்தான் வருகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இன்ஜின் போகிறது, திரும்பி வருகிறது. அவளுக்கு அது போதும்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஒருநாள் அவளால் வர முடியவில்லை. ஆரின் பெல்ட்டை மறந்து போனான். இறங்கி வந்தவன் முகம் சரியில்லை.

"வழி முழுக்க அடிச்சுது, மார்லிஸ். காதுல ஹெட்செட்டு, முன்னால இன்ஜினு அந்த இரைச்சல். அதுக்கு நடுவுல எப்படிக் கேக்கும்? கேட்டுச்சு. திரும்பிப் பாத்துப் பெல்ட்ட மாட்டினதும் நின்னுடுச்சு."

"பெல்ட்ட மாட்டினா ஒயர் சேரும். ஒயர் சேந்தா நிக்கும். இதுல என்ன அதிசயம்?"

"திரும்பிப் பாக்கறதுக்கு எனக்கு ஏன் பயமா இருந்துச்சு?"

"நீ சின்னப்பிள்ளையில இருந்தே பயந்தாங்கொள்ளி" என்றேன். அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதில் நிலவறைக்குள் உருளைக்கிழங்கு எடுக்கப் போகச் சொன்னால் பாடிக்கொண்டே போவான். இப்போது பறக்கும்போதும் ரேடியோவில் எதையோ முணுமுணுக்கிறான் என்று ஓடுதளத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஜூலைக் கடைசியில் அது நடந்தது. நானும் லோர்னாவும் ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகை நிழலில் நின்றிருந்தோம். ஆரின் கிளம்பி, மரங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தான். திடீரென்று இன்ஜின் குரல் இறங்கியது. நிற்கவில்லை, இருமவில்லை, முனகலாக இறங்கிவிட்டது. விமானம் மெதுவாக மரத்துக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்தது. சத்தமும் போனது.

லோர்னா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "வரல" என்றாள். "வரல, வரல." நான் அவளைத் தூக்கி டிரக்கில் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

குன்டர்சன் வயலில், முழங்கால் உயரக் குதிரைமசால் நடுவே விமானம் நின்றிருந்தது. ஆரின் சக்கரத்தில் சுற்றிய பயிரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஒரு கீறல் இல்லை. அவனைக் கட்டிக்கொள்ளத்தான் போனேன், வாயில் வசவுதான் வந்தது.

காரணம் கண்டுபிடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. சூடு பார்க்கும் ஒயர் ஒன்று இரும்பில் உரசித் தோல் உரிந்திருந்தது. இன்ஜின் சூடாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. கார் கம்ப்யூட்டர் அப்போது என்ன செய்யும்? இன்ஜின் கெட்டுப்போகாமல் இருக்க வேகத்தைக் குறைத்துவிடும். டிரைவர் ஊர்ந்து ஊர்ந்து சாலையோரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

"ஓரங்கட்டச் சொல்லுதுடா!" என்று கத்தினேன். "நடுவானத்துல எங்கடா ஓரம்? இன்ஜினு வெந்து உருகினாலும் உன்னத் தரையில கொண்டாந்து சேக்கணும். இது உன்னக் கீழ போட்டுட்டுத் தன்னக் காப்பாத்திக்கிது. கம்பெனிக்காரன் லட்சம் மைலு ஓட்டிப் பாத்தான் சரி, ரோட்டுலதானே ஓட்டினான்?"

ஆரின் ஒயர் வெட்டும் கத்திரியை எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் கட்சி தோற்றுவிட்டது.

அந்த வாரமே எல்லாவற்றையும் பிடுங்கினேன். கம்ப்யூட்டர், ஒயர்க் கொத்து, சிவப்பு விளக்கு, மணிப் பெட்டி எல்லாம். ஐயோவாவில் ஒருவர் விமானத்துக்கென்றே சின்ன கம்ப்யூட்டர் செய்கிறார். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டுமென்று இரண்டு வாங்கினோம். ஒயர் ஒவ்வொன்றையும் நானே இழுத்தேன், நானே கட்டினேன். இந்தப் புது ஏற்பாட்டுக்குச் சாவி வேண்டாம். யார் பட்டனை அமுக்கினாலும் ஓடும். பெல்ட்டின் ஒயரையும் சீட்டுக்கு அடியில் வெட்டி எடுத்துவிட்டேன். பெல்ட் மட்டும் வெறும் பெல்ட்டாக அங்கே இருந்தது.

அடுத்த தடவை ஓடுதளத்துக்கு வந்த லோர்னாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மணிப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். சோப்புக்கட்டி அளவு கறுப்புப் பெட்டி, நான் வெட்டிய ஒயர்கள் அதில் மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தன.

"இனிமே சாவி தேவையில்லையா?"

"தேவையில்ல."

"பெல்ட்டு?"

"ஆள் ஏறினாத்தான் பெல்ட்டு, லோர்னா. காலி சீட்டுக்கு எதுக்கு?"

"அப்ப நான் வர வேண்டாமா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. "வாங்க, தாராளமா வாங்க, காபி இருக்கு" என்றேன். சர்ச் நிலவறையில் விருந்து நடக்கும்போது எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை. அவள் தலையாட்டினாள். விமானத்துக்குப் பக்கத்தில் போய், வலது கதவில் கையை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள், பெல்ட் பூட்டாமலே இருந்தது. ஆரின் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் இன்ஜினை ஓடவிட்டான். சத்தம் சுத்தமாக இருந்தது. பழைய சத்தம் இல்லை, என் காதுக்கே தெரிந்தது.

அவன் மேலே போனான். நான் ஹேங்கர் வாசலில் நாற்காலி போட்டு, கை ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டேன். லோர்னா பக்கத்து நாற்காலியில். அவள் மடியில் அந்தப் பெட்டி. குருவி பிடித்து வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் அதைப் பொத்தி வைத்திருந்தாள்.

நல்ல வெயில். தூரத்தில் யாரோ வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ கரகரத்தது.

"மார்லிஸ்."

"சொல்லுடா. சூடு எப்படி?"

"சூடெல்லாம் சரியா இருக்கு. நீ எல்லாத்தையும் கழட்டிட்டேன்னுதானே சொன்ன?"

"கழட்டிட்டேன்."

"மணியையும்?"

"மணியையும்தான். ஏன்?"

அவன் பேசாமல் ரேடியோ பட்டனை மட்டும் அமுக்கிப் பிடித்தான். இன்ஜின் இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள்ளே, தெளிவாக, அவசரமில்லாமல்:

டிங். டிங். டிங்.

நான் லோர்னா மடியைப் பார்த்தேன். பெட்டி அங்கேதான் இருந்தது. வெட்டுப்பட்ட ஒயர்கள் அவள் விரல் இடுக்கில் தெரிந்தன. எந்த ஒயரில் என்ன ஓடுகிறது என்று நாற்பது வருஷமாக எனக்குத் தெரியும். இதில் ஒன்றும் ஓடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

"கேட்டுச்சா?" என்றான் ஆரின். அவன் குரல் உருளைக்கிழங்கு எடுக்கப் போகும் பையனின் குரல். "மார்லிஸ், நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"இறங்கிடு. உடனே இறங்கு."

"கேளு, இன்னும் அடிக்குது." மறுபடி பட்டனை அமுக்கிப் பிடித்தான். டிங். டிங்.

அவன் பட்டனை விட்டதும் லோர்னா என் கையிலிருந்து ரேடியோவை எடுத்தாள். பிடுங்கவில்லை, எடுத்தாள். எந்தப் பட்டன் என்று என்னைக் கேட்டாள், நான் காட்டினேன். அவள் அதை வாயருகே கொண்டுபோனாள். எழுந்து நின்றாள். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக் கத்தும் அம்மாவின் குரல் வந்தது, கொஞ்சம் எரிச்சலோடு, பழக்கத்தோடு.

"பெல்ட்டைப் போடு, ப்ரிட்டா!"

பட்டனை விட்டாள். நான் ரேடியோவின் கரகரப்பையே கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கோல் கட்டுகிறவன் டிராக்டரைத் திருப்பினான். கடைசியில் ரேடியோவில் இன்ஜின் இரைச்சல் வந்தது. அது மட்டும்தான்.

"நின்னுடுச்சு" என்றான் ஆரின்.

அவன் இறங்கியது எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. லோர்னாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் சத்தம் கிளம்பி, வளர்ந்து, ஓடுதளத்தின் முனையில் தணிந்து, சக்கரம் புல்லைத் தொட்டு, எங்களை நோக்கி உருண்டு வந்தது. அவள் தோள் இறங்கியது.

ஆரின் புரொப்பெல்லரை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு கை விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கில், ஒரு கை வேகம் கூட்டும் த்ராட்டிலில். நான் அவன் பக்கம் போனேன். லோர்னா வலது பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

பெல்ட் பூட்டியிருந்தது.

"நீயாடா போட்ட?" என்று கேட்க வாயெடுத்தேன். அவன் கண் நேரே முன்னால் பார்த்தபடி இருந்தது, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

லோர்னா காலி சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டி, சீட்டுத் துணியை ஒரு தடவை தடவினாள். பிறகு பூட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பெல்ட் விடுபட்டு, சரசரவென்று தன் உறைக்குள் சுருண்டுகொண்டது.

"வந்துட்டியா?" என்றாள். "சரி, எறங்கு."

கதவை அகலத் திறந்து பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். ஒருவர் இறங்கிப் போகிற நேரம் நின்றாள். பிறகு மெதுவாகச் சாத்தினாள். அவள் காருக்குத் திரும்பி நடந்தபோது நான் கூடப் போகவில்லை. அவள் தனியாகப் போவதாக எனக்குத் தோன்றவில்லை.